கென்டக்கிக்காரர்கள் ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கினார்களா?

போன வாரம் எங்கள் லூயிவில் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஓர் அட்டவணையைப் போட்டார். அமெரிக்க மாநிலங்களில் நடந்த துப்பாக்கிப் பின்னணிச் சரிபார்ப்புகளின் எண்ணிக்கை அது. 2018-ஆம் ஆண்டில் எங்கள் கென்டக்கிக்கு நேராக நாற்பது லட்சத்துக்கும் மேல் இருந்தது. "மாநிலத்தின் மக்கள்தொகையே 45 லட்சம்தான். கைக்குழந்தைகளை விட்டுவிட்டால் ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள். ஊரைக் காலி செய்துவிடலாமா?" என்று கீழே எழுதியிருந்தார். சிரிப்புக் குறிகள் குவிந்தன. ஒருவர் உண்மையிலேயே பயந்துபோய், பக்கத்து மாநிலம் எப்படி என்று விசாரித்தார்.

பக்கத்து மாநிலமான இலினாய் 2020-ஆம் ஆண்டு அட்டவணையில் எண்ணிக்கையில் கென்டக்கியையே முந்திவிட்டது. அங்கும் யாரும் ஓட வேண்டாம்.

இந்த எண்ணை இரண்டு தரப்பும் தூக்கிப் பிடித்து ஆடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். துப்பாக்கி வேண்டும் என்பவர், "பாருங்கள், நாடே எங்கள் பக்கம்" என்பார். வேண்டாம் என்பவர், "பாருங்கள், நாடே பைத்தியமாகிவிட்டது" என்பார். இருவரும் காட்டுவது ஒரே எண். எதை எண்ணி வந்த எண் அது என்று இருவருமே கேட்பதில்லை.

1981-இல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் கழித்தவர், அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி. அவர் பெயரில் 1993-இல் வந்த சட்டத்தின் பிள்ளைதான் இந்தச் சரிபார்ப்பு முறை. 1998 நவம்பர் 30 முதல் எஃப்பிஐ இதை நடத்துகிறது. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கப் போனால் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். வாங்குபவருக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை ஏதும் உண்டா என்று பார்க்க, கடைக்காரர் அந்த விவரங்களை அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்: கொடுக்கலாம், பொறுங்கள், கூடாது. மூன்று வேலை நாள்களுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது இந்த ஓட்டை வழியாகத்தான்.

(நம்மவர்களுக்கு ஒரு தகவல்: எச்1பி விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் துப்பாக்கி வாங்க அனுமதி இல்லை. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஒன்று கையில் இருந்தால் வாங்கலாம். இதைச் சொன்னால் இங்கேயே இருபது ஆண்டு இருப்பவர்கள்கூட நம்புவதில்லை.)

இப்போது கென்டக்கிக்கு வருவோம். துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் இந்த மாநிலத்தில் சில லட்சம் பேரிடம் இருக்கிறது. இவர்களில் யாராவது இடையில் குற்றவாளியாகிவிட்டார்களா என்று பார்க்க, மாநிலக் காவல்துறை அத்தனை பெயர்களையும் மாதாமாதம் எஃப்பிஐயின் கணினியில் மறுபடி ஓட்டுகிறது. ஒரு மனிதர் ஆண்டு முழுக்க வீட்டில் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தாலும் கணக்கில் பன்னிரண்டு சரிபார்ப்புகள் ஏறிவிடும். அந்த நாற்பது லட்சத்தில் மிகப் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். இலினாயிலும், துப்பாக்கி வைத்திருக்க அங்கே தேவைப்படும் அட்டையைப் பெற்றவர்களை இதே போல மறுபடி மறுபடி ஓட்டுகிறார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே கென்டக்கி உரிமத்தைக் கடையில் நீட்டினால், துப்பாக்கி வாங்கும்போது சரிபார்ப்பே தேவையில்லை. உரிமமே சரிபார்ப்புக்குச் சமம் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதாவது எதுவும் வாங்காத மாதத்தில் அவர் எண்ணிக்கையில் இருப்பார். துப்பாக்கி வாங்கிய நாளின் கொள்முதல் மட்டும் எண்ணிக்கைக்கு வராது. இதை வைத்துக்கொண்டு எங்கள் குழு ஊரைக் காலி செய்யக் கிளம்புகிறது!

அடகுக்கடைக்காரரிடம் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கியை வைத்துப் பணம் வாங்கி, சம்பளம் வந்ததும் மீட்கப் போனால், அதற்கும் ஒரு சரிபார்ப்பு. சொந்தப் பொருள், பழைய பொருள், கணக்கில் புதிய எண். ஒரே நேரத்தில் மூன்று துப்பாக்கி வாங்கினால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சரிபார்ப்பு. தனி ஆளிடம் வாங்கினால் எங்கள் மாநிலத்தில் சரிபார்ப்பே இல்லை. என்னுடன் வேலை செய்த ஒருவர், மதிய உணவு இடைவேளையில் வாகன நிறுத்துமிடத்தில் வைத்துத் தன் ரைஃபிளை இன்னொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பழைய சைக்கிள் கைமாறுவது போல இருந்தது. 2015-இல் கேட்டு 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கேட்டதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி வாங்கியவர்களில் 22 சதவீதம் பேர் எந்தச் சரிபார்ப்பும் இன்றி வாங்கியது தெரிந்தது. முக்கால்வாசிப் பேரை வாசலில் எண்ணுகிறோம், கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது.

எஃப்பிஐயே தன் ஒவ்வோர் அறிக்கையிலும் ஒரு சரிபார்ப்பை ஒரு விற்பனையாகக் கொள்ளாதீர்கள் என்று எழுதி வைக்கிறது. யார் படிக்கிறார்கள்? துப்பாக்கித் தொழில் சங்கம் உரிமச் சரிபார்ப்புகளைக் கழித்துவிட்டுத் தனியாக ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2020-இல் எஃப்பிஐ எண் 3 கோடியே 97 லட்சம். சங்கத்தின் எண் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம். விற்று லாபம் பார்க்கிறவர்களே பாதியைக் கழித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் இந்த எண் குப்பையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். மொத்தத்தை மறந்துவிட்டு மேடு பள்ளங்களைப் பாருங்கள். யார் எப்போது கடைக்கு ஓடினார்கள், ஏன் ஓடினார்கள் என்பதை அவை நன்றாகவே சொல்கின்றன.

1999-இல் ஆண்டு முழுவதற்கும் 91 லட்சம். 2012 டிசம்பரில் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட 28 லட்சம். அந்த மாதம் 14-ஆம் தேதிதான் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாவுகளைக் கண்டு பயந்துதான் மக்கள் கடைக்கு ஓடினார்கள் என்று நினைத்தால், பாதிதான் சரி. அடுத்து ஒபாமா சட்டம் கொண்டுவருவார், பிறகு கிடைக்காது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பெட்ரோல் விலை நள்ளிரவு முதல் ஏறப்போகிறது என்றால் பங்கில் வரிசை நிற்குமே, அது போல. கடைசியில் 2013 ஏப்ரலில் சரிபார்ப்பை விரிவாக்கும் மசோதா செனட்டில் 54-க்கு 46 என்று பெரும்பான்மை பெற்றும் தோற்றது, அறுபது வேண்டியிருந்தது. சட்டம் வரவில்லை, வாங்கிய துப்பாக்கிகள் வீட்டிலேயே தங்கின.

இதற்கு மறுபக்கச் சான்றும் இருக்கிறது. 2016 தேர்தல் ஆண்டில் 2 கோடியே 75 லட்சமாக இருந்த எண், டிரம்ப் வந்த 2017-இல் 2 கோடியே 52 லட்சமாக இறங்கியது. துப்பாக்கிகளை ஆதரிக்கும் அதிபர் வந்ததும் துப்பாக்கி விற்பனை படுத்துவிட்டது. ஏற்கெனவே கடனில் இருந்த ரெமிங்டன் நிறுவனம் 2018-இல் திவால் மனு போட்டது. தொழிலில் இருப்பவர்களே அதை டிரம்ப் சரிவு என்றுதான் சொன்னார்கள். பறிக்க யாரும் வரவில்லை என்றால் பதுக்க என்ன அவசரம்?

2020 வேறு மாதிரி. மார்ச்சில் 37 லட்சம், ஜூனில் 39 லட்சம். முதலில் கொரோனா, பிறகு ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்துக்குப் பிறகான போராட்டங்கள். எங்கள் லூயிவில்லுக்கு அந்த ஆண்டு இன்னும் கனமானது. மார்ச் 13 நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் பிரியானா டெய்லர் தன் வீட்டில் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கோடை முழுக்க நகர மையத்தில் போராட்டம், ஊரடங்கு, கடைகளுக்குப் பலகை அடைப்பு. இம்முறை யாரும் சட்டத்துக்குப் பயப்படவில்லை. ஒருவரையொருவர் பார்த்துப் பயந்தார்கள். கழிப்பறைக் காகிதத்துக்கு நின்ற வரிசையைப் போலவே துப்பாக்கிக் கடையிலும் வரிசை நின்றதை வண்டியில் போகும்போது பார்த்தேன். வழக்கமாக அந்தப் பக்கம் தலைகாட்டாத முகங்கள் அதில் பல இருந்தன.

அந்த முகங்கள் யாருடையவை என்று சரிபார்ப்பு எண் ஒருபோதும் சொல்லாது. பழைய ஆள் பதினைந்தாவதாக வாங்கினாலும் ஒன்று; புதிய ஆள் முதன்முதலாக வாங்கினாலும் ஒன்று. ஆளிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். 2015-இல் அப்படிக் கேட்டபோது, வயது வந்தோரில் வெறும் 3 சதவீதத்தினரிடம் நாட்டின் துப்பாக்கிகளில் பாதி இருப்பதாகத் தெரியவந்தது. 1970-களில் பாதி வீடுகளில் துப்பாக்கி இருந்தது. பிறகு அது மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியதைப் பொதுச் சமூக ஆய்வு காட்டியது. சரிபார்ப்பு எண் ஏறிய அதே காலத்தில் துப்பாக்கி உள்ள வீடுகள் பெருகவில்லை. இருப்பவர்களே மேலும் மேலும் வாங்கி அடுக்கினார்கள்.

2020 அந்தக் கதையை மாற்றியது என்பதுதான் என் கவலை. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கினார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதி பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், ஐந்தில் ஒருவர் ஹிஸ்பானியர். 54 லட்சம் பேர் அதுவரை துப்பாக்கியே இல்லாத வீட்டில் இருந்தவர்கள். மாதாந்திர அட்டவணை இன்று 2020-இன் உச்சியிலிருந்து இறங்கிவிட்டது என்று சிலர் நிம்மதிப்படுகிறார்கள். வாங்கும் வேகம்தான் இறங்கியது. வாங்கியது எங்கும் போய்விடவில்லை. துப்பாக்கி கெட்டுப்போகிற பொருளா என்ன? எங்கள் மாநிலத்தில் காவல்துறை கைப்பற்றும் துப்பாக்கிகளைக்கூட அழிக்க முடியாது, ஏலம் விட்டாக வேண்டும் என்பது சட்டம். 2023 ஏப்ரலில் நகர மையத்து வங்கி ஒன்றில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஆறு நாள்களுக்கு முன்புதான் சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கி அது. அந்தத் துப்பாக்கியும் ஒருநாள் ஏலத்துக்குப் போகலாம் என்று எங்கள் மேயர் பொறுமினார்.

சரி, துப்பாக்கி எத்தனை, யாரிடம் என்று நேரடியாக எண்ணிவிடலாமே என்பீர்கள். எண்ணக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சி அரசு துப்பாக்கிப் பதிவேடு வைத்துக்கொள்ள முடியாது. பின்னாளில் வந்த இன்னொரு விதிப்படி, அனுமதித்த சரிபார்ப்பின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவெடுத்துவிட்ட ஒரு நாடு, கல்லாப்பெட்டிச் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்குள் இருப்பதை ஊகித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். 2020 ஜூனின் 39 லட்சத்தில் அவரும் ஒருவர். கணவர் இறந்து தனியாக இருந்த முதல் ஆண்டு அது. கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார், இன்றுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. சமையலறை மேல்தட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. வார இறுதியில் பேரன் வருவான், ஒன்பது வயது. 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேலானவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். எனக்கு அந்தப் பேரனும் கவலை, தனியாக இருக்கும் அவரும் கவலை. அதை நேராகக் கேட்க நாக்கு எழவில்லை. பூட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். வாங்கும்போதே பெட்டியில் ஒன்று கொடுத்தார்கள் என்றார். கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் பூட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்பது சட்டம். எடுத்துப் பார்த்தோம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து அதைப் பூட்ட முயன்றோம். அந்தக் கம்பியை எந்தத் துளை வழியாக விட வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யூடியூபில் பார்த்துத்தான் பூட்டினோம். பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.