மாடர்ன் முருகேசனும் கழிவுக் கட்டமும்

சில வருடங்களுக்கு முன்பு, சிறு தேயிலை விவசாயிகளுக்குச் செயலி ஒன்றை வடிவமைப்பதற்காக, கோவை அலுவலகத்தின் ஏசி அறையில் உட்கார்ந்து நாங்கள் ஒரு விவசாயியைக் கற்பனையில் உருவாக்கினோம். பெயர் ‘மாடர்ன் முருகேசன்’. வயது 38, இரண்டு ஏக்கர் தேயிலை, கையில் ஸ்மார்ட்போன், தாய்மொழி தமிழ், லட்சியம் ‘தொழில்நுட்பத்தால் வருமானத்தைப் பெருக்குவது’. இணையத்தில் கிடைத்த ஒருவரின் படத்தை ஒட்டினோம். அவருக்குப் பின்னால் கோதுமை வயல்! கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த நானும் அதற்குத் தலையாட்டினேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. என் பெரியம்மா முப்பது வருடம் இலை எடுத்தவர்.

இந்த மாதிரி கற்பனை ஆளுக்கு எங்கள் தொழிலில் பெர்சோனா என்று பெயர். இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர். 1983இல் திட்ட மேலாண்மைக்கான மென்பொருள் ஒன்றை அவர் தனியாக எழுதிக்கொண்டிருந்தார். அதற்காகச் சிலரிடம் பேசினார். அவர்களில் கேத்தி என்ற பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு, மதிய வேளையில் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் நடந்தபடி, தானே ஒரு திட்ட மேலாளராக மாறிப் பேசி நடித்துப் பார்ப்பாராம். அந்த மேலாளருக்கு எது தேவையில்லையோ அது மென்பொருளுக்கும் தேவையில்லை. ‘பயனர்’ என்ற சொல் ரப்பர் மாதிரி, புரோகிராமர் தன் வசதிக்கு எப்படி வேண்டுமானாலும் இழுத்துக்கொள்வார் என்பது அவருடைய புகழ்பெற்ற புகார். ரப்பருக்குப் பதில் ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் முருகேசன் ஆள் இல்லை, சராசரி. சராசரி வயது, சராசரி நிலம். 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. விமானி இருக்கைக்கு முக்கியமான பத்து அளவுகளை கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் எடுத்துப் பார்த்தார். பத்திலும் சராசரியை ஒட்டி இருந்தவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் முருகேசனை யாராவது கோத்தகிரியில் தேடிப் போயிருந்தாலும் அதே கதைதான்.

முருகேசனிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. அவர் எதையும் மறுக்கமாட்டார். தினசரி விலை வரைபடம் வேண்டுமா? வேண்டும் என்பார். வானிலை? வேண்டும். குரல் உதவி? அதுவும் வேண்டும். நாம் படைத்த ஆள் நமக்குத்தானே தலையாட்டுவார்?

செயலி தயாரானது. டிசம்பர் கடைசியில் சோதனைக்கு மலை ஏறினோம். உறைபனியில் இலை குறைந்திருந்தது, போதாததற்கு நீலகிரி படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வேறு. எடை போடும் கொட்டகையில் ஆளே இல்லை. (இதையாவது நான் சொல்லியிருக்கலாம்.) திரும்பி வந்து ஏப்ரலில் மறுபடி போனோம். இந்த முறை எதையும் காட்டாமல், மூன்று நாள் சும்மா நின்றோம்.

நான்கு மணிக்கு மேல் சாக்குகள் வரும். தூறல். இலை எடுத்து எடுத்துக் கறுத்துப்போன விரல்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்து மூன்று கிலோ. ஈர இலை என்று எடையில் இரண்டு கிலோ கழித்தார்கள், அதுதான் கழிவு. வீட்டில் படுகு மொழி பேசுபவர். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், எண்கள் மட்டும் கண் பட்டவுடன் புரியும். செல்போன் எண் கொடுத்தார். அது திருப்பூரில் இருக்கும் மகனுடையது. எங்கள் ஓடிபி எல்லாம் அங்கேதான் போயிருக்கும்!

“ஆப்பு எல்லாம் எனக்கு எதுக்கு கண்ணு? இன்னைக்கு எவ்வளவு கழிச்சாங்க, மாசத்துக்கு மொத்தம் எத்தனை கிலோ, அது தெரிஞ்சா போதும்.”

தினசரி விலை வரைபடத்துக்கு அர்த்தமே இல்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. ஏல விலையை ஒட்டித் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒருமுறைதான் பசுந்தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. தினமும் அவர் எதைப் பார்ப்பார்?

முருகேசனைக் கிழித்துவிட்டு ‘மாதியம்மா’ என்று புதிய பெர்சோனா அட்டை எழுதினோம். படம் இல்லை, பிடித்த உணவு இல்லை. கையில் என்ன இருக்கிறது, போன் யாரிடம் இருக்கிறது, எதைப் படிக்க முடியும், எங்கே சந்தேகப்படுகிறார் என்பது மட்டும். அடுத்த கூட்டத்தில் ஏழு வசதிகளை மாதியம்மா வெட்டித் தள்ளினார். பெர்சோனா என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது சுவருக்கு அலங்காரம் என்று நான் நினைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஆனால் ஒரே மாதத்தில் அவரும் ரப்பராக ஆரம்பித்தார். “மாதியம்மாவுக்கு நீல நிறம் பிடிக்காது” என்றார் ஒருவர். யார் சொன்னது? அவருக்கே பிடிக்காது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று பாக்கி இருந்தது. செயலியைத் தொடப்போவது மாதியம்மா இல்லை, எடை போட்டு எழுதும் ஏஜென்ட். தான் தொடாமலே பலனை அனுபவிப்பவரைக் கூப்பர் வழி வந்தவர்கள் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். மாதியம்மா அந்த வகை. ஏஜென்டுக்கு நாங்கள் அட்டையே எழுதவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, ஒரு கையில் சாக்கு, இன்னொரு கை ஈரம். ஒரு சாக்குக்கு அவரிடம் இருப்பது சில நொடிகள். சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண்களுக்கு மட்டும் பெரிய பொத்தான்கள் வைத்தோம். மாலையில் கிலோ, கழிவு, மாத மொத்தம் என மூன்று எண்களோடு ஒரு குறுஞ்செய்தி போகும். திருப்பூர் மகனுக்கும், கேட்டால் பக்கத்து வீட்டு எண்ணுக்கும்.

திரையில் கழிவை எழுதும் கட்டத்தைப் பார்த்ததும் ஏஜென்ட் சிரித்தார். “இதை யார் கேட்டது? எடுத்துடுங்க, வேலை சுருக்கமா முடியும்.” மாதியம்மா கேட்டதோ அந்த ஒன்றைத்தான். சுவரில் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இரண்டு நாள் வாதாடினோம், அட்டைகளால் தீர்த்துவைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கோத்தகிரி பஸ் ஏறினேன். ஏஜென்டையும், அன்று தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவையும் தராசுக்கு முன்னால் ஒன்றாக நிறுத்திக் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “எழுதிக்கோப்பா, நீ எழுதுனா நான் திரும்பத் திரும்பக் கேக்கமாட்டேன்ல?” என்றார் அந்த அம்மா.

கட்டம் இருக்கிறது. ‘ஈரம்’ என்று ஒரே பொத்தானாகச் சுருக்கிக் கொடுத்தோம்.