லைன்பேக்கரின் அரை நொடித் தயக்கம்

அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் வாராவாரம் சொல்லும் ஒரு கருத்தை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி எதிரணியை முதலில் களைக்கவைக்க வேண்டுமாம். அப்போதுதான், ஓடுவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பந்தை வீசும் 'பிளே ஆக்‌ஷன்' எடுபடுமாம். பழைய பயிற்சியாளர்கள் பலருக்கும் இது வேதவாக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஆட்டத் தரவுகளை அண்மை ஆண்டுகளில் அலசியவர்களுக்கு இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஓர் அணி அதற்கு முன் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நன்றாக ஓடியது என்பதற்கும் பிளே ஆக்‌ஷனின் பலனுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு இல்லை. சரியாக ஓடத் தெரியாத அணி போக்குக் காட்டினாலும் தற்காப்பு வீரர்கள் முன்னால் பாயத்தான் செய்கிறார்கள்.

ஏன் பாய்கிறார்கள்? இந்தக் கேள்விக்குள்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதும் முரட்டு ஆட்டம் என்று இதை ஒதுக்கிவிடும் நண்பர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

லைன்பேக்கர் என்பவர் தற்காப்பின் நடுவில், பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 5 யார்டு தள்ளி, முழங்காலை லேசாக மடக்கியபடி நிற்பவர். எதிரணி பந்தோடு ஓடினால் அவர் முன்னால் பாய்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். பந்தை வீசினால் பின்னால் ஓடித் தன் பகுதியைக் காக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், தொடக்கத்தில் அவர் பந்தையே பார்ப்பதில்லை என்பது. அவர் கண், எதிரே நிற்கும் 140 கிலோ எடையுள்ள கார்டின், அதாவது தாக்குதல் அணியின் முன்வரிசையில் மறிக்கும் வீரரின், தலைக்கவசத்தில் இருக்கிறது. பந்து ஸ்னாப் ஆன, அதாவது ஆட்டத்தைத் தொடங்கப் பின்னால் தரப்பட்ட கணத்தில் அந்தக் கவசம் தாழ்ந்து முன்னால் வந்தால் ஓட்டம். நிமிர்ந்து பின்வாங்கினால் வீச்சு. கார்டு தன் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால், அவர் போகும் பக்கம்தான் பந்தும் போகிறது. பள்ளி நாள்களிலிருந்து ஆயிரக்கணக்கான முறை இதைப் பழகியிருப்பார்கள். யோசிக்காமலே கால் நகர வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பயிற்சியும்.

நல்ல பிளே ஆக்‌ஷன் அந்தப் பழக்கத்தின் மீதுதான் கைவைக்கிறது. கார்டுகள் தலையைத் தாழ்த்தி, ஓட்டத்துக்கு மறிப்பதுபோலவே பாய்ந்து வருகிறார்கள். பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக், பந்து இல்லாமலே வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு இடைவெளியை நோக்கி ஓடுகிறார். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் முதுகைக் காட்டித் திரும்பி, பந்தை இடுப்போரம் மறைத்துக்கொள்கிறார். லைன்பேக்கரின் கால் முன்னால் நகர்கிறது, ஒரு அடி, இரண்டு அடி. அவர் ஏமாளி என்பதால் நகரவில்லை. நன்றாகப் பயிற்சி பெற்றவர் என்பதால்தான் நகர்கிறார். முந்தைய ஓட்டங்களின் நினைவு அல்ல, இந்தப் பழக்கம்தான் அவரை இழுக்கிறது. அரைகுறையாகப் பழகியவர் சும்மா நின்றுகொண்டிருப்பார். அவரிடம் இந்த வித்தை பலிக்காது. சரி, எதற்கும் நகராமல் நின்றுவிடலாமே என்றால், அதுவும் முடியாது. உண்மையாகவே ஓட்டம் வந்துவிட்டால் அவர் விட்ட இடைவெளி வழியே ரன்னிங் பேக் தடையின்றிப் போய்விடுவார்.

இங்கே இழக்கப்படும் நேரம் எவ்வளவு? 40 யார்டை 4.5 நொடியில் ஓடும் ஒருவர், நொடிக்குச் சராசரியாக ஏறக்குறைய 9 யார்டு கடக்கிறார். அரை நொடி தயங்கினால் 4 யார்டுக்கு மேல் போயிற்று. முன்னால் வைத்த காலை நிறுத்தி, உடம்பைத் திருப்பி, பின்னால் ஓடத் தொடங்கும் நேரம் தனி. அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் திறந்துவிட்ட வெளியில் பந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே நல்ல தாக்குதல் அணி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வித்தையைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லா நகர்வுகளும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரிந்தால் போதும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். லெக் ஸ்பின்னர் அதே ஓட்டத்தில், அதே கைவீச்சில் கூக்ளி போடும்போது மட்டைவீச்சாளரின் கால் எங்கே மாட்டிக்கொள்கிறதோ, அங்கேதான் லைன்பேக்கரின் காலும் மாட்டிக்கொள்கிறது.

2018 பருவத்தில் பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி இதைத்தான் செய்தது. பெரும்பாலான நகர்வுகளில் பந்தைப் பிடிக்க ஓடும் அதே மூன்று ரிசீவர்கள், மறிக்கவும் பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட், ஒரு ரன்னிங் பேக். நிற்கும் இடமும் ஏறத்தாழ அதேதான். ஸ்னாப்புக்குச் சற்று முன் ஒரு ரிசீவர் களத்தின் குறுக்கே முழு வேகத்தில் ஓடுவார். சில நேரம் பந்து அவர் கையில் கொடுக்கப்படும். சில நேரம் அவரைத் தாண்டி ரன்னிங் பேக்கிடம் போகும். சில நேரம் இருவரிடமும் போகாமல், குவார்ட்டர்பேக் ஜேரட் காஃப் எதிர்ப்பக்கம் சுற்றி ஓடி வீசுவார். முதல் ஒரு நொடியில் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. அந்தப் பருவத்தில் அவர்கள் போட்டிக்குச் சராசரியாக 32.9 புள்ளிகள் எடுத்தார்கள். ஸ்னாப் நேரத்தில் ஒரே ஒருவர்தான் நகர்ந்துகொண்டிருக்கலாம், அவரும் முன்னோக்கிப் போகக்கூடாது என்று என்.எஃப்.எல். விதி இருக்கிறது. அந்த ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு பதினொரு பேரின் கண்களையும் இழுக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது ஆப்ஷன் ஆட்டம். அதில் பாவனைகூட இரண்டாம்பட்சம். தற்காப்பின் விளிம்பில் நிற்கும் ஒருவரை மறிக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்து, விடாமல் பிடித்தபடி, அந்த ஒருவரையே பார்க்கிறார். அவர் ரன்னிங் பேக்கைத் துரத்தி உள்ளே வந்தால் பந்தை உருவிக்கொண்டு, அவர் விட்டுவந்த இடம் வழியாகக் குவார்ட்டர்பேக்கே ஓடிவிடுகிறார். அவர் வெளியே காத்து நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடம் போகிறது. அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தவறாகவே முடிகிறது. அவர் முடிவெடுத்த பிறகுதான் தாக்குதல் அணியே முடிவெடுக்கிறது. 1960களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் வளர்த்தெடுத்த 'வீர்', 1968இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் அமைத்த 'விஷ்போன்', 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் சிறிய கிளென்வில் ஸ்டேட் கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் பழக்கிய 'ஜோன் ரீட்' எல்லாம் இந்த ஒரே எண்ணத்தின் கிளைகள். விஷ்போனை வைத்து டெக்சாஸ் தொடர்ந்து 30 போட்டிகளை வென்றது. ஆர்மி, நேவி போன்ற ராணுவக் கல்லூரி அணிகள் உடல் பருமனில் தங்களைவிடப் பெரிய அணிகளுக்கு எதிராக இன்றும் ஆப்ஷனை நம்புவதற்குக் காரணமும் இதுதான். மறிக்க முடியாத ஆளை மறிக்கவே வேண்டாம். அவரை முடிவெடுக்க வைத்தால் போதும்.

இன்று எல்லோரும் பேசும் ஆர்.பி.ஓ.வும் (ரன்-பாஸ் ஆப்ஷன், ஓட்டமா வீச்சா என்ற தேர்வு) இதன் வாரிசுதான். அதில் குறிவைக்கப்படுபவர் நம் பழைய லைன்பேக்கர். கார்டுகள் பாவனைக்காக அல்ல, உண்மையாகவே ஓட்டத்துக்கு மறிக்கிறார்கள். லைன்பேக்கர் முன்னால் வந்தால் அவர் விட்ட இடத்தில் பந்து வீசப்படுகிறது, வராவிட்டால் ஓட்டம். பந்து வீசப்படும்வரை கார்டு போன்ற முன்வரிசை வீரர்கள் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறக்கூடாது என்கிறது என்.எஃப்.எல். விதி. கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு வரை போகலாம். என் பார்வையில் கல்லூரி விதி தற்காப்புக்குச் செய்யும் அநியாயம். மூன்று யார்டு முன்னால் வந்து ஒருவர் மோதும்போது, இது வீச்சு என்று எந்த லைன்பேக்கர்தான் நினைப்பார்?

வித்தை ஆட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள். 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் 52ஆவது பதிப்பு. முதல் பாதி முடிய 38 நொடிகள். பிலடெல்பியா ஈகிள்ஸ் 15-12 என்று முன்னிலை. நான்காவது, அதாவது கடைசி வாய்ப்பு. புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் சோனின் கோட்டுக்கு ஒரு யார்டு. மூன்று புள்ளிகளை உதைத்து வாங்கிக்கொள்ளாமல் பயிற்சியாளர் டக் பீடர்சன் துணிந்தார். குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ், முன்வரிசை வீரர்களிடம் ஏதோ திருத்தம் சொல்வதுபோல் வலது பக்கம் நடந்து போய் அங்கேயே நின்றுகொண்டார். பந்து நேராகக் கோரி கிளெமென்ட்டிடம் வந்தது. அவர் எதிர்த்திசையில் ஓடிவந்த டிரே பர்ட்டனிடம் தட்டிவிட்டார். பர்ட்டன் இளமையில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். எண்ட் சோனில் தன்னந்தனியாக நின்ற ஃபோல்ஸுக்கு அவர் பந்தை வீசினார். ஈகிள்ஸ் 41-33 என்று வென்றது.

எல்லோரும் பீடர்சனின் துணிச்சலைப் பாராட்டுகிறார்கள். நான் பாராட்டுவது ஃபோல்ஸின் நடையை. குவார்ட்டர்பேக் முன்வரிசைக்குப் போய்ப் பேசுவது ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நடப்பது. அதைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. அசாதாரணமான ஆட்டம் சாதாரணமான முகத்தோடு தொடங்கியதால்தான் அவரை யாரும் பின்தொடரவில்லை. 2024 டிசம்பர் 22 அன்று சிகாகோவில் டெட்ராய்ட் லயன்ஸ் செய்ததும் இதே ரகம்தான். அதே ஜேரட் காஃப் இப்போது லயன்ஸில். பந்தை வாங்கிய காஃப் கால் தடுக்கியதுபோல் தள்ளாடினார். பக்கத்தில் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸ் தரையில் விழுந்தார். பந்து நழுவிவிட்டது என்று நினைத்துத் தற்காப்பு ஒரு கணம் தடம்மாறியது. காஃப் வீச, சாம் லபோர்ட்டாவுக்கு 21 யார்டு டச் டவுன். தடுக்கி விழுவது இந்த ஆட்டத்தில் நிஜமாகவே நடப்பது என்பதால்தான் அது பலித்தது.

இந்தக் கலை புதிதும் அல்ல. 1903இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி அணி ஹார்வர்டுக்கு எதிராக ஆடியது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடைசெய்த பள்ளி அது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஹார்வர்டு உதைத்த பந்தைப் பிடித்ததும் கார்லைல் வீரர்கள் கூட்டமாகச் சூழ்ந்து, அதைச் சார்லி டில்லனின் சட்டைக்குள் முதுகுப்புறம் செருகிவிட்டார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். இரண்டு கைகளும் வெறுமையாக வீசி ஓடிய டில்லனை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹார்வர்டு கடைசியில் 12-11 என்று வென்றுவிட்டாலும், அந்த ஓட்டத்தைத்தான் நூற்றாண்டு கடந்தும் பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லா வகையிலும் எளியவர்களாக்கப்பட்டவர்கள் வலியவர்களின் நடுவே கண்டுபிடித்த வழி அது. அதை மோசடி என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆனால் எனக்கும் ஒரு கோடு இருக்கிறது. 2015 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், ரன்னிங் பேக் ஷேன் வெரீனைப் பந்து பிடிக்கத் தகுதியற்றவராக நடுவரிடம் பதிவுசெய்துவிட்டு, ரிசீவர் நிற்குமிடத்தில் நிறுத்தியது. யாரைக் காப்பது என்று தற்காப்புக்கு விளங்குவதற்குள் பந்து வேறொருவரிடம் போய்விட்டது. அன்றைய விதிப்படி அது சரிதான். ஆனாலும் எனக்கு உவப்பில்லை. உடம்பால், கண்ணால், காலால் போக்குக் காட்டுவது விளையாட்டு. நடுவரின் அறிவிப்பைத் திரையாக்கிக்கொள்வது விளையாட்டல்ல. அந்த ஆண்டே லீக் விதியை மாற்றியது, மாற்றியது நியாயம். 2023 டிசம்பர் 30 அன்று லயன்ஸும் இந்த வழியில் போய்த்தான் அடிபட்டது. டாலஸுக்கு எதிராக, பந்து பிடிக்க யார் தகுதி பெற்றவர் என்பதில் எதிரணியைக் குழப்பப் பார்த்தார்கள். நடுவர் வேறொரு வீரரின் எண்ணை அறிவித்துவிட்டார். டெய்லர் டெக்கர் பிடித்த இரண்டு புள்ளிப் பந்து செல்லாமல் போய், 20-19 என்று தோற்றார்கள்.

தற்காப்பும் சும்மா இருப்பதில்லை. 2019 பிப்ரவரி 3, அட்லாண்டா, 53ஆவது சூப்பர் பவுல். 32.9 புள்ளிச் சராசரியோடு வந்த ராம்ஸ் எடுத்தது வெறும் மூன்று புள்ளிகள். எதிரே நின்ற, பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கின் பேட்ரியாட்ஸ், தாக்குதல் அணி செய்வதையே திருப்பிச் செய்தது. பின்வரிசை நிற்கும் விதத்தில் ஒன்றைக் காட்டி, ஸ்னாப்புக்குப் பிறகு வேறொன்றுக்கு மாறியது. மூன்றாம் கால்பகுதியில் பிராண்டின் குக்ஸ் எண்ட் சோனில் காப்பார் யாருமின்றித் தனியாக நின்றார். காஃப் அவரைப் பார்த்தார், ஆனால் ஒரு கணம் தாமதமாக. அந்தத் தாமதத்தில் ஜேசன் மெக்கோர்ட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்து பந்தைத் தட்டிவிட்டார். வழக்கமாக லைன்பேக்கரிடமிருந்து திருடப்படும் அரை நொடி, அன்று குவார்ட்டர்பேக்கிடமிருந்தே திருடப்பட்டது.

இவ்வளவும் நடக்கும்போது தொலைக்காட்சியில் நாம் என்ன பார்க்கிறோம் என்பதுதான் என் பெரிய ஆதங்கம். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பிளே ஆக்‌ஷனில் லைன்பேக்கர் வைக்கும் அந்த இரண்டு அடிகளை நேரலையில் யாரும் கவனிக்க முடிவதில்லை. மறுஒளிபரப்பிலும் பந்தைப் பிடித்தவரின் முகத்தைத்தான் நான்கு கோணங்களில் காட்டுகிறார்கள். களத்தின் 22 பேரும் தெரியும் காட்சிப்பதிவு பயிற்சியாளர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2012இல் அதைச் சந்தாதாரர்களுக்கும் லீக் திறந்துவிட்டது. அதைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஆட்டமே எனக்குப் பிடிபட்டது. எல்லோரும் சந்தா கட்டி, இரவெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு பெரிய வீச்சுக்குப் பிறகும் எண்ட் சோனுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒரே ஒரு காட்சியை, கார்டின் தலைக்கவசமும் லைன்பேக்கரின் காலும் ஒன்றாகத் தெரியும்படி, ஐந்து நொடி காட்டுங்கள். வர்ணனையாளர் அப்போது ஓடி ஓடி எதிரணியைக் களைக்கவைப்பது பற்றிப் பேசாமல், அந்தக் காலைச் சுட்டிக்காட்டட்டும்.