புதிரைப் பரிசாகக் கொடுக்காதீர்கள், பாடமாகக் கொடுங்கள்

"கணக்கை முடிச்சவங்க மட்டும் சுடோகு போடலாம்." இதைப் பல வருஷம் என் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தப்பு செய்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. முதலில் முடிப்பது எப்போதும் அதே ஐந்தாறு பிள்ளைகள்தான். கணக்கு என்றாலே முகம் வாடிப்போகிற பிள்ளைகளின் கைக்கு அந்தத் தாள் ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

கென்கென் புதிரைப் பார்த்திருப்பீர்கள். 2004-இல் டெட்சுயா மியாமோட்டோ என்ற ஜப்பானியக் கணக்கு ஆசிரியர் தன் மாணவர்களுக்காக உருவாக்கியது. வகுப்பில் பிறந்து, பிறகுதான் செய்தித்தாள்களுக்குப் போனது. 4×4 கட்டம் என்றால் ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் 1 முதல் 4 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வர வேண்டும். தடித்த கோட்டுக்குள் இருக்கும் கட்டங்களில் 7+ என்று போட்டிருந்தால், அந்த எண்களின் கூட்டுத்தொகை 7; 6× என்றால் பெருக்கினால் 6. விதி அவ்வளவுதான்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி. மேல் நிரையில் முதல் இரண்டு கட்டத்துக்கு 7+. "3, 4 தான் சார். எது முதல்ல வரும்னு தெரியல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "தெரியாட்டி என்ன, மிச்ச ரெண்டுலயும் 1, 2 தானே வரணும்?" மூன்றாவது கட்டமும் அதற்கு நேர் கீழே இருப்பதும் சேர்ந்து 6×. "6-க்கு 2, 3 தான். மேல 3 வராது. அப்ப மேல 2, கீழ 3." சொல்லி முடிக்கும் முன்பே நான்காவது கட்டத்தில் 1 விழுந்துவிட்டது.

எது 3, எது 4 என்று அவளுக்கு அப்போதும் தெரியாது. தெரியாததை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்தே அடுத்ததைப் பிடித்தாள். இயற்கணிதத்தில் x என்று எழுதிவிட்டு நாம் செய்கிற வேலையும் இதுதானே! அதைக் கரும்பலகையில் சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாய்ப்பாடும் தானாக வருகிறது. 6×6 கட்டத்தில் மூன்று கட்டத்துக்கு 24× என்றால் 1, 4, 6 அல்லது 2, 3, 4 அல்லது 2, 2, 6. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் 2, 2, 6 அடிபட்டுப் போகும். காரணிப்படுத்து என்று ஐம்பது கணக்கு கொடுத்தால் சலித்துக்கொள்ளும் பிள்ளை, இங்கே ஒன்று விடாமல் தேடுகிறான்.

'முடியாது' என்பதும் ஒரு விடை என்று காட்ட எனக்குப் பிடித்தது சதுரங்கப் பலகை. எதிரெதிர் மூலையில் இரண்டு கட்டத்தை வெட்டிவிட்டால் மிச்சம் 62. இரண்டு கட்டத்தை மூடும் அட்டைகள் 31 வைத்து முழுவதையும் மூட முடியுமா? அரை மணி நேரம் போராடுவார்கள். யாராவது ஒருவர் நிறத்தை எண்ணுவார்: ஒரு நிறம் 32, இன்னொன்று 30. ஒவ்வோர் அட்டையும் நிறத்துக்கு ஒன்றாகத்தானே மூடும்! வகுப்பே கத்தும்.

செல்போன் ஆப்களில் வரும் கடிகாரத்தையும் நட்சத்திரத்தையும் மட்டும் வகுப்புக்குள் விடாதீர்கள். நேரம் ஓட ஆரம்பித்ததும் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்குகிறார்கள். பாடத்திட்டம் முடியாதே என்பவர்களுக்கு: பின்னத்தை இந்தப் புதிர் கற்றுத்தராது, அதை நாம்தான் நடத்த வேண்டும். நான் கேட்பது பீரியட் தொடக்கத்தில் பத்து நிமிஷம், எல்லோருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் ஆசிரியர் கேட்க வேண்டியது "எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வி. விடை சரியாக இருந்தாலும் கேட்க வேண்டும்.

அந்த மாணவி அன்று மணி அடித்த பிறகும் நோட்டை மூடவில்லை. "சார், அந்த 3, 4 இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.