வெயிலில் எடை குறைவது கொழுப்பு அல்ல

"35 டிகிரி வெயிலில் ஓடினால் இரண்டு மடங்கு கலோரி எரியும், எனக்கே ஒரு கிலோ குறைந்தது" என்று சிலர் சொல்வது தவறு. குறைந்தது தண்ணீர். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 350 கலோரி. கொழுப்புக் கணக்கில் 45 கிராம்தான். மீதி எடை, நாலு தம்ளர் தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் வெயிலில் கலோரியைக் கூடுதலாகக் காட்டுமே என்பீர்கள். காட்டும். வெயிலில் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, வியர்வையால் ரத்தத்தின் நீரளவும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரம் அந்தத் துடிப்பை உழைப்பு என்று எண்ணிக் கலோரியை ஏற்றிவிடும். உண்மையான கூடுதல் செலவு சொற்பம். சூட்டில் வேகம் தானாகக் குறைவதால், அரை மணி நேர ஓட்டத்தில் மொத்தச் செலவு குறையவும் கூடும்.

குளிரில் நடுக்கம் கலோரியை எரிக்கும், உண்மைதான். ஆனால் ஓடும்போது தசைச் சூடே போதும், நடுக்கம் வராது.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, ஈர உடையில்லாமல் எடை பாருங்கள். இடையில் குடித்த தண்ணீரையும் வித்தியாசத்தோடு கூட்டினால் வருவது உங்கள் வியர்வைக் கணக்கு. வெயிலில் ஓடும்போது தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போங்கள்.