ஆமாம், நான் கோடு போலீஸ்தான்

நேற்று குழுவில் சுற்றிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். நம் தமிழ்ச் செய்யுள் மென்பொருளுக்குத் தம்பி ஒருவர் எழுதி அனுப்பிய கோடுக்கு (புரோகிராம் வரிகளுக்கு) நான் போட்ட 'மாற்றி அனுப்பவும்' என்ற இரண்டு சொல்லுக்குச் சிவப்பு வட்டம், கீழே 'கோடு போலீஸ்' என்று பட்டம். அதற்கு மேலே நான் எழுதியிருந்த பதினான்கு வரி விளக்கம் மட்டும் படத்தில் இல்லை. ஃபோன் திரை சின்னது போல.

சரி, மறுபடியும் சொல்கிறேன். நான் கேட்டது அழகு இல்லை, கோடில் ஒரு விஷயத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர். 'எழுத்து' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ழவுக்கு இசட்-எச் என்று ரீட்மியிலேயே (கோடோடு வரும் அறிமுகக் குறிப்பு) இருக்கிறது. தம்பி ஒரு ஃபைலில் இசட்-எச், அடுத்ததில் வெறும் எல், மூன்றாவதில் இரண்டும் போட்டிருக்கிறார்.

'இசட்-எச்தான் சரி என்று யார் சொன்னது?' யாரும் சொல்லவில்லை! கம்ப்யூட்டருக்காக எல்லா மொழி எழுத்துக்கும் எண்ணும் பெயரும் தரும் யூனிகோடில் ழவின் பெயரில் வரிசையாக மூன்று எல். பார்க்கச் சகிக்காது. ஆனால் வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி, உலகம் முழுக்க அதே மூன்று எல்தான். நாளைக்கே எல்லோரும் எல் என்று முடிவு செய்தால் நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன். ஒரே பெயராக இருந்தால் போதும்.

சில வருஷம் முன்னால், வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'எந்தச் செய்யுளைப் போட்டாலும் எழுத்து எண்ணிக்கை பூஜ்யம் என்கிறது' என்று ஒரு தமிழாசிரியை மெயில் அனுப்பியிருந்தார். கரண்ட் இல்லை, லேப்டாப்பில் பாதி சார்ஜ். டிக்ஷனரியில் (பெயர் வைத்துச் சேமித்துத் தேடும் பட்டியல்) ஒருவர் இசட்-எச் போட்டுச் சேமித்ததை இன்னொருவர் எல் போட்டுத் தேடியிருக்கிறார். கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று எழுதியிருந்ததால் எர்ரர்கூட வரவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. எந்த வரியை யார் மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் கருவியில் பிளேம் போட்டுப் பார்த்தால் அந்த எல் என்னுடையது. (இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.)

'மவுண்ட் ரோடு, அண்ணா சாலை இரண்டும் சொல்லித்தானே பிழைக்கிறோம்?' ஆட்டோ அண்ணனுக்குப் புரியும். நாம் கோடு எழுதும் பைத்தான் மொழிக்குப் புரியாதே. 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிய அரசாணையே சில நாளில் வாபஸ் ஆனது. பெயர் அவ்வளவு லேசான விஷயமா?

'பிளாக் ஓட்டினால் தானாகச் சரியாகிவிடும்' என்கிறார் ஒரு சீனியர். பிளாக் என்பது கோடை ஒழுங்காக அடுக்கும் கருவி; வரியை 88 எழுத்துக்குள் மடக்கும், மேற்கோள் குறியை மாற்றும். பெயரைத் தொடாது. சீனியருக்குத் தெரியாததா? 'பெப் 8 என்று எழுதும் முறைக்கே விதி வைத்திருக்கும் பைத்தானிலேயே, கெட்லாகர் என்ற பெயர் அந்த விதியை மீறி, நடுவில் பெரிய எழுத்து வரும் கேமல் கேஸில் இருக்கிறதே' என்றும் ஒருவர். இருக்கிறது. இனி மாற்றினால் ஊர்ப்பட்ட கோடு உடையும். அதனால்தான் முதலிலேயே கேட்கிறேன்.

புதிதாக வருகிற பிள்ளைகள் மிரண்டு ஓடிவிடுவார்களாம். இருக்கலாம். நான் வந்த புதிதில் என் பேட்சை (நான் அனுப்பிய திருத்தத்தை) நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். நான் ஓடவில்லை. அப்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் தோன்றவில்லை.

பதினொரு வருஷமாக ஆபீஸ் முடித்து வந்து ராத்திரியில் இதைப் பார்க்கிறேன். ஒரு பைசா வாங்கியதில்லை, கேட்டதும் இல்லை. அந்தப் பட்டத்துக்கு ஹார்ட்டின் போட்டவர்களில் மூன்று பேர் என் வீட்டில் உட்கார்ந்து, என் மனைவி சுட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே கிட் கற்றவர்கள். சொல்லிக்காட்டவில்லை, ஞாபகம் வந்தது.

தம்பியின் புல் ரிக்வெஸ்ட் (தன் கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) இன்னும் திறந்தேதான் இருக்கிறது. ஏழு இடத்தில் பெயர் மாற வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. நானே மாற்றி மெர்ஜ் செய்து சேர்த்துவிடலாம். மாட்டேன்.