விலையைப் பார்க்க நம்பர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மனைத் தரகர்களுக்கான பயிற்சி வகுப்பில் என் வெப்சைட்டைக் கிண்டல் செய்ததைப் பற்றி இன்பாக்ஸில் பலர் கேட்டுவிட்டீர்கள். அங்கே எடுத்த வீடியோவும் செங்கல்பட்டு வரை எல்லாத் தரகர் குழுக்களிலும் சுற்றிவிட்டது. இனி நான் பேசாமல் இருப்பதில் அர்த்தமில்லை.

என் வெப்சைட்டைத் திரையில் போட்டு, "இதுக்குப் பேர் பிசினஸ் இல்லை, அன்னதானம்" என்றார் பயிற்சியாளர். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் என்னோடு சேர்ந்து கூடுவாஞ்சேரி சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனுக்குக் காத்து நின்றவர்கள். கமிஷனைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அந்தச் சிரிப்புதான் வலித்தது.

அவர் கண்ட குறை இதுதான். மனையின் விலை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் கையில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் இருக்கிறது. வருகிறவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நம்பர் தராமல் போய்விடுகிறாராம். விலையை மறைத்து ஒரு பாப்அப் வைத்து, மொபைல் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால்தான் விலை தெரியும் என்று செய்தால் லீட், அதாவது கூப்பிட்டு விற்க ஆட்களின் நம்பர், கொட்டுமாம்.

கொட்டும். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் விலையை ஒளித்து வைத்து வாங்கும் நம்பருக்குப் பின்னால் வீடு வாங்குகிற ஆள் இருக்கமாட்டார். விலையைத் தெரிந்துகொள்ள வந்தவர்தான் இருப்பார். விலை தெரிந்த நிமிடமே அவருடைய வேலை முடிந்துவிட்டது. நம்முடைய தொல்லை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. துணிக்கடை வாசலில் நம்பர் எழுதிக் கொடுத்தால்தான் புடவையில் ஒட்டிய விலைச்சீட்டைக் காட்டுவோம் என்றால் யாராவது உள்ளே போவீர்களா? வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டு இடம் வாங்க வருகிறவரிடம் மட்டும் ஏன் அப்படி?

என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா ஓய்வு பெற்ற சமயம், தாம்பரம் பக்கம் ஒரு பழைய அடுக்ககத்தின் விலை என்ன என்று பார்க்க சித்தி ஒரு தளத்தில் தன் நம்பரைக் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார். அன்று மாலையே ஆரம்பித்தது. ஒருவர் கேளம்பாக்கத்தில் வில்லா என்கிறார், இன்னொருவர் வெகுதூரத்தில் உத்திரமேரூர் பக்கம் இருக்கும் மனையைக் 'கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து சில நிமிடம்' என்கிறார். சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும்போதும் அழைப்பு வந்தது. மருத்துவமனையில் இருக்கிறேன் என்று சித்தி சொன்னதற்கு, "பரவாயில்லை மேடம், சனிக்கிழமை சைட் விசிட் போட்டுக்கலாமா?" என்று அழைத்த பெண் கேட்டாள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு இத்தனை கால் போட வேண்டும் என்று அவள் தலையில் யாரோ கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டுகிறவர்களில் ஒருவர்தான் இப்போது நமக்கு வகுப்பெடுக்கிறார்.

அப்புறம் அந்த மழைப் படம். வகுப்பில் அதிகச் சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. ஊரப்பாக்கம் மனை ஒன்றின் பக்கத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே தெரு எப்படி இருந்தது என்று ஒரு படம் வைத்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். "தன் சரக்கையே கெடுத்துக்கிற ஒரே ஏஜென்ட்" என்றார் பயிற்சியாளர். 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த ஊர் இது. நம் பக்கத்தில் இடம் வாங்க வருகிற யாருக்குமே முதல் கேள்வி தண்ணீர் நிற்குமா என்பதுதான். எனக்கு வருகிற உருப்படியான அழைப்புகளில் பெரும்பகுதி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருபவைதான். "இந்தத் தெரு வேண்டாம் மேடம், இதைவிட மேடான இடம் இருந்தா சொல்லுங்க" என்பார்கள். பேச்சு அங்கே தொடங்குகிறது. அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னால் நம்பலாம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எந்த பாப்அப் இதைக் கொடுக்கும்?

மஸ்கட்டில் வேலை செய்யும் ஒருவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பெற்றோருக்கு இடம் தேடினார். வில்லங்கச் சான்றில் எதைப் பார்க்க வேண்டும், பட்டாவில் இருக்கும் பரப்பும் பத்திரத்தில் இருக்கும் பரப்பும் மாறினால் என்ன செய்வது என்று நான் எழுதி வைத்திருந்த பக்கங்களை மாதக்கணக்கில் படித்திருக்கிறார். ஒரு நம்பரும் தரவில்லை. அந்தப் பயிற்சியாளர் கணக்கில் அவர் வீணாய்ப் போன பார்வையாளர். ஒருநாள் இரவு அவரே கூப்பிட்டார். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. புல வரைபடத்தில் வடக்குப் பக்கம் தெரியும் வண்டிப்பாதை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மறுநாள் போய் வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது கிரையம் முடிந்தது.

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். "ஒரு கதையை வைத்துக்கொண்டு பேசாதே, எங்களுக்கு ஆபீஸ் வாடகை, ஆள் சம்பளம் இருக்கிறது" என்பீர்கள். எனக்கும் வாடகை இருக்கிறது. மேலே போகலாம்.

"லீட் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும் என்று ஹார்வர்டே சொல்கிறது" என்றார் பயிற்சியாளர். 2011இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்த கட்டுரை அது. ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்ட கம்பெனிகளுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிடக் கிட்டத்தட்ட 7 மடங்கு பலன் இருந்தது என்பது உண்மை. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அது தானாக விசாரித்தவர்களைப் பற்றியது. என் பக்கத்தின் கடைசியில் ஒரு சின்னப் படிவம் இருக்கிறது: பெயர், நம்பர், என்ன தேடுகிறீர்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம். பக்கத்திலேயே வாட்ஸ்அப் பொத்தான். அதில் கேட்டவருக்கு உடனே பதில் போகும். கேட்காதவரைத் துரத்தச் சொல்லி அந்தக் கட்டுரை எங்கே சொல்கிறது?

"அரசாங்கமே பட்டா பார்க்க ஓடிபி கேட்கிறதே" என்று நேற்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ஆமாம். அதற்குப் பிறகு தாசில்தார் உங்களைக் கூப்பிட்டு மனை விற்கிறாரா?

ஒரே ஒரு ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லா விவரத்தையும் போட்டால் இன்னொரு தரகர் உரிமையாளரிடம் நேராகப் போய்விடுவார். போகிறார்கள், எனக்கே நடந்திருக்கிறது. அதனால் தனி வீடுகளுக்குக் கதவு எண், சர்வே எண் போடுவதில்லை. நேரில் வருகிறவருக்கு மூலப்பத்திரம் முதல் எல்லாம் காட்டுகிறேன். லேஅவுட் மனைகளில் ஒளிக்க என்ன இருக்கிறது? அப்ரூவலும் ரெரா பதிவும் எப்படியும் பொதுவில் இருப்பவை. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 10ஆம் பிரிவில், வாங்குபவருக்கு உரிய தகவலும் ஆவணமும் முன்பதிவின்போது கைக்குக் கிடைக்கச் செய்வது ஏஜென்டின் கடமை என்று இருக்கிறது. சட்டம் கடமை என்று சொல்வதைச் செய்தால் அன்னதானமா?

வேதனையாக இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வாடகை வீட்டு வாசலில் 'புரோக்கர்கள் அணுக வேண்டாம்' என்று பலகை தொங்குகிறது. கல்யாண வீட்டில் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் இந்தத் தொழிலில் இருந்தால் அதற்கு மேலும் இரண்டு வார்த்தை வரும். அந்தப் பலகையை மாட்ட வைத்தது யார்? விலையை மறைத்ததும், தூரத்தை மறைத்ததும், பிடுங்கிய நம்பரை நான்கு பேருக்கு விற்றதும் நம் ஆட்கள்தானே. அந்த விற்பனையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை கிடையாது. 2023இலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எதற்காக நம்பர் வாங்குகிறோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்கிறது அது. விலை காட்ட வாங்கிய நம்பரை இன்னொரு புராஜெக்ட் ஆட்களிடம் கொடுக்க எந்தச் சம்மதமும் இல்லை. இதை எழுந்து கேட்கத்தான் கையைத் தூக்கினேன். "கேள்விகள் கடைசியில்" என்றார்கள். கடைசியில் குரூப் போட்டோ எடுத்தார்கள்.

வகுப்பு முடிந்த பிறகு, தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் "அக்கா, பாப்அப்பை எடுத்துடவா?" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள். முதலில் உங்கள் ரெரா பதிவு எண்ணைப் பக்கத்தின் மேலே போடுங்கள். விலையைப் போடுங்கள், பேரம் உண்டென்றால் அதையும் எழுதுங்கள். விற்றுப்போன மனையை அன்றைக்கே நீக்குங்கள். விற்றுப்போனதைக் காட்டி நம்பர் பிடிக்கிற வேலை வேண்டாம். தெருவில் நின்று நீங்களே படம் எடுங்கள், மழை நாளிலும் ஒன்று. படிவத்தில் 'எந்த நேரத்தில் கூப்பிடலாம்' என்று கேளுங்கள், அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடுங்கள். பக்கம் போடத் தெரியாவிட்டால் சனிக்கிழமை மதியம் ஆபீசுக்கு வாருங்கள், லேப்டாப் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து செய்துவிடலாம்.