தங்கத்தைப் பங்கிடாமல் தாண்டியவர்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான உயரம் தாண்டுதல் முடிந்த நாள்முதல், அமெரிக்க வீரர் ஷெல்பி மெக்கீவனைப் பேராசைக்காரர் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். தங்கத்தைப் பங்கிட்டுக்கொள்ள வழியிருந்தும் மேலும் தாண்டப் போய் வெள்ளியோடு திரும்பினார் என்பது அவர்கள் சொல்லும் குற்றம். எனக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை.

அவரும் நியூசிலாந்தின் ஹாமிஷ் கெரும் 2.36 மீட்டரைத் தாண்டியபின் 2.38இல் மூன்று வாய்ப்புகளையும் தவறவிட்டார்கள். முதலிடத்துக்கு இப்படிச் சமநிலை வந்தால், வீரர்கள் விரும்பினால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இல்லையேல் ஆளுக்கொரு வாய்ப்பாகத் தொடர வேண்டும், இருவரும் தவறினால் கம்பி 2 சென்டிமீட்டர் இறங்கும். அவர்கள் தொடர்ந்தார்கள். 2.38இலும் 2.36இலும் இருவருமே கம்பியைத் தட்டினார்கள். கால்கள் ஓய்ந்துபோன அந்த நேரத்தில் 2.34இல் மெக்கீவன் தவறினார், கெர் தாண்டினார். தாண்டிய வேகத்திலேயே மெத்தையிலிருந்து எழுந்து மைதானத்தின் புல்வெளியில் ஓடினார். அந்த ஓட்டத்திலிருந்த மகிழ்ச்சியை மெக்கீவன் உடனிருந்து போட்டியிட்டதால்தான் கெர் அடைந்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டோக்கியோவைப் பாருங்கள் என்பார்கள். 2021இல் கத்தாரின் முத்தாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜியான்மார்கோ தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட காட்சியில் நானும் கண்கலங்கியவன்தான். 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு கணுக்கால் காயத்தால் வாய்ப்பை இழந்த தம்பேரி, அன்று காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பத்திரப்படுத்தி டோக்கியோ மைதானத்துக்கே கொண்டுவந்திருந்தார். பர்ஷிமும் 2018இல் கணுக்கால் காயத்தால் முடங்கியவர். ஆனால், ‘இரண்டு தங்கம் தர முடியுமா’ என்று நடுவரிடம் பர்ஷிம் கேட்பதற்கு முன், இருவரும் 2.37 வரை ஒருமுறைகூடத் தவறாமல் வந்து, ஒருவரையொருவர் வெல்வதற்காக 2.39இல் மும்மூன்று முறை முயன்றிருந்தார்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். முழு மூச்சோடு மோதிய பிறகு பகிர்ந்ததால்தான் அந்தப் பகிர்வுக்கு அவ்வளவு மதிப்பு.

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கயிறு கட்டி, மணல் கொட்டி உயரம் தாண்ட விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் நானும் என் வகுப்புத் தோழனும் மட்டும் மிஞ்சினோம். அவன் தாண்டத் தாண்ட, பயிற்சியில் ஒருநாளும் எட்டாத உயரத்தை நானும் தாண்டினேன். அடுத்த உயரத்தில் என் குதிகாலில் கயிறு சிக்கியது, அவன் தாண்டிவிட்டான். முழங்காலில் ஒட்டிய மணலோடு இரண்டாம் பரிசான எவர்சில்வர் டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றபோது, சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியில், “வெற்றி தோல்வி முக்கியமில்லை பிள்ளைகளே, கலந்துகொள்வதுதான் முக்கியம்” என்றார். நல்ல மனதோடு சொன்னார் என்பது இப்போது புரிகிறது. ஆனால் அன்று எங்கள் இருவருக்கும் அது மிக முக்கியமாக இருந்தது. முக்கியமில்லை என்றால் அவன் எதற்காக அப்படித் தாண்டினான், நான் எதற்காக அவனைத் துரத்தினேன்? தோற்ற பிள்ளையைத் தேற்ற வேண்டியதுதான். அதற்காக அவன் விரும்பிய ஒன்றை அற்பமாக்கிவிடக் கூடாது.

வெல்லத் துடிப்பவரிடம் நட்பு இருக்காது என்று நினைப்பவர்களுக்கு, அதே பாரிஸின் தகுதிச் சுற்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தாண்ட ஓடிவந்த பர்ஷிம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பாதியில் கீழே உட்கார்ந்தபோது, முதலில் ஓடிப்போய் அவர் காலை நீட்டிப் பிடித்துவிட்டவர் தம்பேரி. மூன்று நாள் கழித்து இறுதிப்போட்டியில் சிறுநீரகக் கல் வலியோடு வந்த தம்பேரி 2.22க்கு மேல் போகவில்லை. அவர் பிடித்துவிட்ட காலால் பர்ஷிம் 2.34 தாண்டி வெண்கலம் வென்றார்.